முகில் நிலமும் குத்தகைத் தொழிலும்

உற்பத்திச் சாதனங்கள் யாருடைய கையில் உள்ளன என்னும் வினா, கைத்தொழிற் புரட்சிக் காலந்தொட்டுப் புதிய தொழில்நுட்பம் ஒவ்வொன்றின் வருகையின்போதும் எழுந்து வந்துள்ளது. அவ்வினாவை உரிய காலத்தில் எழுப்பிய சமுதாயங்கள் ஓரளவேனும் தம்மைக் காத்துக்கொண்டன. எழுப்பாது வியப்பில் ஆழ்ந்திருந்தவை பிறருக்கு உழைப்பை வழங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன. இன்றைய கணனித் துறையில் இவ்வினா எழுப்பப்படுவதில்லை என்பது மாத்திரமன்று. அது எழ வேண்டிய தேவையே இல்லை என்றும் சாதிக்கப்படுகின்றது. ‘ஸ்ரார்ட்அப்’ என வழங்கும் தொடக்க நிறுவனங்களை நோக்கி, இயந்திரம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், பெருமூலதனம் வேண்டாம். ஒரு மடிக்கணனியும் ஒரு நல்ல எண்ணமும் போதும். எஞ்சியவற்றை முகில் பார்த்துக்கொள்ளும் என்னும் உபதேசம், பயிற்சி வகுப்புகளிலும் போட்டி மேடைகளிலும் ஓயாது ஓதப்படுகின்றது. இவ்வுபதேசம் முழுப் பொய்யன்று, பாதி உண்மை. அதனாலேயே முழுப் பொய்யினும் பார்க்க ஆபத்தானது.

‘முகில்’ என்னும் சொல்லே முதலில் ஆராயத்தக்கது. கைம்மாறு கருதாது எவருக்கும் பொதுவாகப் பொழிவது என்பதே தமிழ் மரபில் முகில் பற்றிய எண்ணம். வணிக உலகு இச்சொல்லாற் குறிப்பதோ அதற்கு நேர்மாறான ஒன்றாகும். அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் அயர்லாந்திலும் சிங்கப்பூரிலும் மும்பாயிலும் எழுந்து நிற்கும் பாரிய கட்டடங்கள், அவற்றினுள் அடுக்கப்பட்ட எண்ணிறந்த சேவையகங்கள், அவற்றை இயக்கும் மின்சாரம், அவற்றின் வெப்பத்தைத் தணிக்கும் நீர் ஆகியவற்றின் தொகுதியே அது. அத்தொகுதிக்கு உரிமையாளர் உண்டு; வேலி உண்டு; வாடகையும் உண்டு. அமேசன் நிறுவனம் 2006 மார்ச்சில் தரவுச் சேமிப்பையும், அவ்வாண்டு ஓகஸ்டிற் கணிப்பு ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகிளும் மைக்ரோசொப்ட்டும் பின்தொடர்ந்தன. இன்று உலக முகிற் சந்தையின் அரைவாசிக்கு மேற்பட்ட பங்கு இம்மூன்று நிறுவனங்களின் கையில் உள்ளது. முகில் வானத்தில் இல்லை. மண்ணிலே, வேறொருவருடைய மண்ணிலே உள்ளது.

இம்முறையினால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. அதற்கு முன்னர் இணையச் சேவை ஒன்றைத் தொடங்க விரும்பியவர், எத்தனை பேர் வருவர் என்று அறியுமுன்னரே சேவையகங்களை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வாங்கியது மிஞ்சினால் நட்டம். போதாவிடின் சேவை முடங்கும். பாவித்த அளவுக்கு மாத்திரம் பணம் கொடுக்கலாம் என்ற நிலை வந்ததும் அந்தத் தடை தகர்ந்தது. இதற்கு உதாரணமாக எப்பொழுதும் காட்டப்படுவது இன்ஸ்ரகிராம். 2010 ஒக்டோபரில் வெளிவந்து அமேசனின் வாடகைச் சேவையகங்களின் மேல் வளர்ந்த அச்செயலி, 2012 ஏப்ரிலில் ஏறத்தாழ 100 கோடி டொலருக்குப் பேஸ்புக் நிறுவனத்துக்கு விலைபேசப்பட்டபோது, அங்கு பணியாற்றியவர்கள் 13 பேர் மாத்திரமே.

ஆயின் இக்கதையின் பிற்பகுதியை மேடைகளில் எவரும் சொல்வதில்லை. பேஸ்புக்கின் கைக்கு வந்ததும், இன்ஸ்ரகிராம் 2013, 2014 ஆம் ஆண்டுகளில் அமேசனின் முகிலிலிருந்து பேஸ்புக்கின் சொந்தத் தரவு மையங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டது. நிலம் உடையவன் பிறர் நிலத்திற் பயிரிட விரும்புவதில்லை. வாடகை என்பது யாருக்கு இலாபம் என்பதற்கு அமேசனின் கணக்கே சான்று பகரும். 2024 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் மொத்த விற்பனையில் முகிற் பிரிவின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று. தொழிற்பாட்டு இலாபத்திலோ அரைவாசிக்கு மேல். மொத்த இலாபமான 6860 கோடி டொலரில் 3980 கோடி டொலர் அப்பிரிவிலிருந்து கிடைத்தது. உலகெங்கும் பொருள்களைச் சுமந்து சென்று வீட்டு வாசலிற் கொடுத்துப் பெறும் இலாபத்திலும் பார்க்க, இயந்திரங்களை இருந்த இடத்தில் வைத்து வாடகைக்கு விட்டுப் பெறும் இலாபம் பெரிது என்பதே இதன் பொருள்.

இத்தகைய உறவினுள் இளைஞர் எவ்வாறு இழுக்கப்படுகின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். தொடக்க நிறுவனங்களுக்கு முகில் நிறுவனங்கள் தாராளமாகச் சலுகைத் தொகைகளை வழங்குகின்றன. அமேசனின் இத்தகைய திட்டத்தில் ஒரு நிறுவனம் 1,00,000 டொலர்வரை கட்டணமின்றிப் பாவிக்க வழியுண்டு. கையிற் காசில்லாத இளைஞனுக்கு இது வரப்பிரசாதமாகவே தோன்றும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் காலத்திற்றான் கட்டடத்தின் அத்திவாரம் இடப்படுகின்றது. செலவைக் கணக்கிடும் பழக்கம் அக்காலத்தில் வளர்வதில்லை. எந்த முகிலிலும் இயங்கக்கூடிய பொதுவான மென்பொருள்களுக்குப் பதிலாக, அந்தந்த நிறுவனத்துக்கே உரிய தரவுத்தளங்களும் அடையாளச் சரிபார்ப்பு முறைகளும் செயலியின் எலும்புவரை ஊடுருவுகின்றன. தரவு உள்ளே வரும்போது கட்டணம் இல்லை. வெளியே செல்லும்போது அளந்து பணம் அறவிடப்படுகின்றது. வாசலில் வரவேற்பும் புறக்கடையிற் சுங்கமும் வைத்துள்ள இவ்வீட்டின் அமைப்பு தற்செயலானது என்று கூறுவார் எவரும் வணிகம் அறியாதவரே. சலுகை முடிந்து முதலாவது உண்மையான கட்டணப் பட்டியல் வந்து சேரும் நாளில், வெளியேறுவதற்கு ஆகும் செலவு தங்கியிருப்பதற்கு ஆகும் செலவிலும் அதிகமாகி விடுகின்றது.

வெளியேற வல்லவர்கள் வெளியேறியே உள்ளனர். கோப்புச் சேமிப்புச் சேவையான டிரொப்பொக்ஸ், 2015 ஆம் ஆண்டளவிலே தன் தரவின் பெரும்பகுதியை அமேசனிடமிருந்து தன் சொந்த இயந்திரங்களுக்கு மாற்றியது. அதனால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டொலர் மிச்சமானதை, 2018 இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதுவே வெளியிட்டது. 37சிக்னல்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனம் 2022 இல் முகிலுக்கு 32 இலட்சம் டொலர் செலவிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியேறும் முடிவை அறிவித்து, 10 இலட்சம் டொலருக்குங் குறைந்த செலவில் இயந்திரங்களை வாங்கி, பின்னர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் டொலரை மிச்சப்படுத்தியது. இதற்கு மாறாக, ஸ்னாப் நிறுவனம் 2017 இற் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஐந்து ஆண்டுகளில் கூகிளுக்கு 200 கோடி டொலரும் அமேசனுக்கு 100 கோடி டொலரும் செலுத்தக் கட்டுப்பட்டிருந்தது. மூலதனமும் தேர்ந்த பொறியியலாளரும் உள்ள நிறுவனத்துக்கு முகில் ஒரு தெரிவு. அவை இல்லாத நிறுவனத்துக்கு அது விதி. ஏழைக்கு ஏற்றது என விற்கப்படும் பொருள், ஏழையாற் கைவிட முடியாத பொருளாக முடிவது சுரண்டலின் பழைய இலக்கணம்.

வாடகை உயர்வு ஒரு துன்பமாயின், நிலமே காலடியிலிருந்து விலகுவது மற்றொன்று. செயலிகளின் பின்புலப் பணிகளான தரவுச் சேமிப்பு, பாவனையாளர் கணக்கு, அறிவித்தல் அனுப்புதல் ஆகியவற்றைத் தானே பார்த்துக்கொள்வதாக 2011 இல் தோன்றியது பார்ஸ் என்னும் சேவை. சிறு நிறுவனங்கள் அதனை விரும்பி ஏற்றன. 2013 இற் பேஸ்புக் அதனை வாங்கியது. 2016 ஜனவரியில், ஓராண்டில் அது மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. 2017 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் மூல நிரல் பொதுவில் விடப்பட்டமையால், இயலுமானவர்கள் தாமே சேவையகம் அமைத்துத் தப்பினர். இயலாதவர்களின் செயலிகள் மறைந்தன. வாங்கியவருக்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. அதன்மேற் கட்டியவர்களுக்கு அதுவே வாழ்வு. இங்கு எவரும் ஒப்பந்தத்தை மீறவில்லை என்பதே கவனத்துக்குரியது. குடியிருப்போனின் பாதுகாப்பைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

முகில் பின்புறத்து நிலமாயின், செயலிக் கடை முன்புறத்துச் சந்தையாகும். அப்பிள் தன் ஆப் ஸ்ரோரை 2008 யூலையில் ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறந்தது. கூகிளின் கடை அவ்வாண்டு ஒக்டோபரில் வந்தது. செயலியின் வழியே பெறும் எண்ணிமப் பொருள்களின் விலையில் 30 வீதம் கடைக்காரருக்கு என்பது அங்கு வழமையாயிற்று. எதிர்ப்பும் வழக்கும் பெருகிய பின்னரே, 2021 இல், ஆண்டு வருமானம் 10 இலட்சம் டொலரை மீறாத சிறியோருக்கு இது 15 வீதமாகக் குறைந்தது. எப்பிக் நிறுவனம் தொடுத்த வழக்கில், பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் அப்பிள் வென்றபோதும், செயலிக்கு வெளியே பணம் செலுத்தும் வழியைப் பாவனையாளருக்குக் காட்டுவதைத் தடுக்கலாகாது என 2021 செப்ரெம்பரில் அமெரிக்க நீதிமன்றம் கட்டளையிட்டது. 2024 ஜனவரியில் அக்கட்டளை நடைமுறைக்கு வந்தபோது, கடைக்கு வெளியே நடக்கும் அக்கொடுப்பனவுக்கும் 27 வீதம் தரவேண்டுமென அப்பிள் விதித்தது. சந்தைக்கு வெளியே நின்று விற்றவனிடமும் சந்தை வரி கேட்ட இச்செயல், கட்டளையை வேண்டுமென்றே மீறியதாகும் என 2025 ஏப்ரிலில் அதே நீதிமன்றம் கண்டது.

இந்தியாவில் நிகழ்ந்தது இதனினும் தெளிவானது. கட்டணம் தொடர்பான பிணக்கின் பேரில், 2024 மார்ச் 1 அன்று கூகிள் பல இந்திய நிறுவனங்களின் செயலிகளைத் தன் கடையிலிருந்து அகற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட திருமணச் சேவையான பாரத் மற்றிமோனியும் அவற்றுள் ஒன்று. அரசாங்கம் தலையிட்ட பின்னர், சில நாள்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. அமைச்சரின் கதவைத் தட்டக்கூடிய நிறுவனங்களுக்கே இந்த நிலையாயின், இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஓர் அறையிலிருந்து நடத்தும் செயலி அகற்றப்பட்டால் எந்த அமைச்சர் தலையிடுவார்?

சந்தைப்படுத்தல் என்னும் பெயரில் நிகழ்வதும் இவ்வுறவின் நீட்சியே. செயலியின் தரமே அதனைப் பரப்பும் என்று இளைஞர் நம்புகின்றனர். பல இலட்சம் செயலிகள் நிறைந்த கடையிலே தேடலின் முதலிடமும் விலைப்பொருளாகி விட்டது. அப்பிள் 2016 இல் தன் தேடற் பக்கத்தில் விளம்பரங்களுக்கு இடமளித்தது. இதன் விளைவாக, ஒரு செயலியின் பெயரைச் சொல்லித் தேடுவோருக்கும் அதன் போட்டியாளரின் விளம்பரம் முதலிற் தென்படலாம். தன் பெயருக்கு உரிய இடத்தைத் தானே பணங்கொடுத்துக் காக்கும் நிலைக்கு அதனை ஆக்கியவர் ஆளாகிறார். முதலீட்டாளரிடம் பெற்ற பணத்தின் ஒரு பங்கு முகிலுக்கும், இன்னொரு பங்கு விளம்பரத்துக்கும், வருமானத்தின் ஒரு பங்கு கடைக்கும் போய்ச் சேர்கின்றது. விதைநெல்லும் உழைப்பும் குடியானவனுடையவை. விளைச்சலில் முதற் பங்கு நிலத்துக்கும் சந்தைக்கும். தொடக்க நிறுவனம் தோற்றாலும் இப்பங்குகள் ஏற்கெனவே செலுத்தப்பட்டு விட்டன. பத்துப் பேரில் ஒருவர் வென்றாலும், பத்துப் பேரும் தோற்றாலும், நட்டப்படாதவர் நில உரிமையாளர் ஒருவரே.

போதாக்குறைக்கு, நில உரிமையாளரே பக்கத்து வயலிற் பயிரிடவும் தொடங்குகிறார். எலாஸ்ரிக் நிறுவனத்தார் ஆக்கிப் பொதுவில் விட்ட தேடல் மென்பொருளை, அமேசன் 2015 இல் தன் சொந்தச் சேவையாக்கி விற்றது. உரிமப்படி அதற்குத் தடை இருக்கவில்லை. எலாஸ்ரிக் 2021 இல் உரிமத்தை மாற்றியபோது, அமேசன் பழைய நிரலின் பிரதியை வேறு பெயரில் வளர்த்தெடுத்தது. எந்தப் பயிர் நன்றாக விளைகின்றது என்பதை வரம்பில் நின்று பார்ப்பவருக்கு, அதனைத் தாமும் விதைப்பது கடினமன்று.

இலங்கையில் தொழில் தொடங்குவோருக்கு இவற்றுடன் நாணயம் என்னும் சுமையும் சேர்கின்றது. முகிலின் வாடகை டொலரில் அளக்கப்படுவது. உள்ளூர் வாடிக்கையாளர் தருவதோ ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே நடுப்பகுதியில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. மாதம் 100 டொலர் வாடகை செலுத்திய ஒரு சிறு நிறுவனத்தின் செலவு, ஒரு சேவையகம் கூடாமலும் ஒரு பாவனையாளர் கூடாமலும், 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாக உயர்ந்தது. விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் அந்த இரண்டரை மாதத்தில் விலையேறி மீண்டும் பணம் கேட்டிருக்காது. பாவித்த அளவுக்கே கட்டணம் என்னும் நெகிழ்ச்சி, நாணயம் சரியும் நாட்டில் நெரிக்கும் கயிறாகவும் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவற்றுக்கு எதிராகக் கூறப்படும் வாதம் ஒன்று உண்டு, அது வலிமையானது. சொந்தச் சேவையகம் சொந்தக் கவனயீனத்தையும் உடன் கொண்டுவரும் என்பதே அது. 2023 இல் இலங்கை அரசின் முகில் மீது நிகழ்ந்த கணனித் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாதவாறு அழிந்தன; அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. உடைமை மாத்திரம் பாதுகாப்பாகாது என்பதை இது ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? ஆள்பலமும் ஒழுங்கும் தேவை என்பதே அன்றி, எல்லாவற்றையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கலாம் என்பதன்று. 2025 ஒக்டோபர் 20 அன்று வேர்ஜீனியாவில் அமேசனின் ஒரு பிராந்தியத்தில் ஏற்பட்ட கோளாறினால், தொடர்பாடற் செயலிகள் முதல் வங்கிச் சேவைகள் வரை பல நாடுகளில் ஒருங்கே முடங்கின. சிறியவரின் தவறு சிறியவரை மாத்திரம் வீழ்த்தும். ஒரே நிலத்தில் யாவரும் குடியேறிய பின்னர் அந்நிலத்தின் நடுக்கம் யாவரையும் வீழ்த்தும்.

குத்தகை உறவைச் சந்தையின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடலாகாது என்பதை இந்நாடு முன்னரே கற்றுள்ளது. பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராயிருந்தபோது கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக் குடியானவனை நினைத்தவாறு வெளியேற்றுவதைத் தடுக்கவும், அவன் கொடுக்கும் வாரத்துக்கு வரம்பு கட்டவும் முனைந்தது. சட்டத்தின் ஓட்டைகளைப் பயன்படுத்திக் காணிச் சொந்தக்காரர் பலர் குடியானவரை வெளியேற்றினர் என்பதும் வரலாறே. ஆயினும் வெளியேற்றமும் வாரமும் தனிமனித ஒப்பந்த விடயங்களல்ல, சமூக விடயங்கள் என்னும் கோட்பாடு அன்று நிலைநாட்டப்பட்டது. எண்ணிம நிலத்தில் அதே கோட்பாட்டை இன்று ஐரோப்பிய ஒன்றியம் தடவித் தடவிக் கண்டு வருகின்றது. செயலிக் கடைகளின் மீதான அதன் கட்டுப்பாடுகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. 2025 ஏப்ரிலில் அப்பிளுக்கு 50 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. 2025 செப்ரெம்பரிற் செயற்படத் தொடங்கிய அதன் தரவுச் சட்டம், ஒரு முகிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான கட்டணத்தை 2027 ஜனவரி 12 முதல் அறவிடலாகாது என விதித்துள்ளது. இச்சட்டம் செயற்படத் தொடங்குமுன்னரே, 2024 இன் முதல் மாதங்களில், மூன்று பெருநிறுவனங்களும் வெளியேறும் வாடிக்கையாளரிடம் அறவிட்ட தரவுக் கட்டணத்தைக் கைவிட்டன. சட்டத்தின் நிழல் விழுந்தவுடன் கைவிடக்கூடிய கட்டணம், தொழில்நுட்பத்தால் தவிர்க்க முடியாத கட்டணமாக எங்ஙனம் இருந்திருக்கும்?

சட்டம் வரும்வரை கைகட்டியிருத்தல் தகாது. முகிலை ஒரு நாளும் தீண்டாதே என்பதும் பேதைமை. தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்தல் அறிவுடைமையாகவே இருக்கலாம். வேண்டப்படுவது, வாடகைக்கு இருப்பவன் தான் வாடகைக்கு இருப்பதை அறிந்திருத்தல். சலுகைத் தொகையைக் கழித்துவிட்டு, உண்மையான செலவை முதல் மாதத்திலிருந்தே எழுதி வைத்தல் வேண்டும். லினக்ஸ், போஸ்கிரெஸ் போன்ற, எந்த நிலத்திலும் வேர்கொள்ளக்கூடிய பொதுவுடைமை மென்பொருள்களின் மீதே அத்திவாரம் இடப்படல் வேண்டும். தரவின் பிரதி ஒன்று எப்பொழுதும் நிறுவனத்தின் சொந்தக் கையில் இருத்தல் வேண்டும். அதனைக் கொண்டு சேவையை வேறிடத்தில் மீள நிறுவ முடியுமா என்பது ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரீட்சிக்கப்படல் வேண்டும். கடைகளுக்கு வெளியே, தன் சொந்த இணைய முகவரியில் வாடிக்கையாளர் வந்து சேரும் வழியொன்று திறந்திருத்தல் வேண்டும். 1996 இல் வேறு பெயரில் தோன்றிச் சென்னையில் வளர்ந்த சோகோ, வெளி முதலீட்டாளரின் பணத்தைப் பெறாமலும் தன் சேவைகளைத் தன் சொந்தச் சேவையகங்களில் இயக்கியும் உலகச் சந்தையில் நிலைத்துள்ளது. அதுவும் பிறருக்கு வாடகைக்கு விடும் நிறுவனமே. எனினும் பெருமுகிலார் மூவரின் நிலத்திற் குடியேறாமலே வளர்தல் இயலாத காரியமன்று என்பதற்கு அது சாட்சி.

தனியொருவரால் இயலாததைக் கூட்டாகச் செய்வது ஈழத்து மண்ணுக்குப் புதியதன்று. கூட்டுறவு இயக்கம் இங்கு ஆழ வேரூன்றியது. இலங்கைப் பல்கலைக்கழகங்களைத் தம்முள் இணைக்கும் கல்வி, ஆய்வு வலையமைப்பு ஏற்கெனவே உண்டு. இயந்திரங்களை நிருவகிக்கக் கற்கும் மாணவரும் ஆண்டுதோறும் உருவாகின்றனர். பல்கலைக்கழகங்கள் பெருநிறுவனங்களின் சலுகைச் சீட்டுகளைப் பரிசாக வழங்கும் மேடைகளாக அமைவதை விடுத்து, தம் மாணவர் தொடங்கும் நிறுவனங்களுக்கு ரூபாவிற் கட்டணம் பெறும் பொதுச் சேவையகங்களை அமைத்தல் இயலாததன்று. அது முகில் நிறுவனங்களுக்கு ஈடாகாது. ஈடாக வேண்டியதும் இல்லை. முதல் ஆயிரம் பாவனையாளரை ஏற்று, வெளியேறும் வழியையும் கற்றுக்கொடுத்து அனுப்பினாற் போதுமானது.

இளைஞரின் நல்ல எண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. அவர்தம் உழைப்புக்கும் குறைவில்லை. அவ்வுழைப்பின் பயன் எவருடைய களஞ்சியத்தை நிரப்பப் போகின்றது என்பதே வினா. அதனை எழுப்ப அஞ்சும் தொழில்முனைவோர் கல்வி, தொழில்முனைவோரை உருவாக்குவதில்லை. நாகரிகமான குத்தகைக்காரரையே உருவாக்குகின்றது.